இது ஆர்ட வீட்டு மேசை?



அன்பின் உறவுகளே, ஒரு பழைய மேசை வாங்கப் போன கதையைத்தான் எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். முடிவில் உங்கள் எல்லோரிடமும் ஓர் உதவி கேட்கிறோம். அதனால் நேரம் கிடைக்கும்போது கடைசிவரை வாசியுங்கள்.

அல்ஹம்துலில்லாஹ், ஐந்து வருடமாகக் கட்டிய எங்கள் புத்தளம் வீடு போன வருடம்தான் குடிபுகும் அளவுக்கு வந்தது. கதவைத் திறந்தவுடன் வெளியாருக்கு ஹோல் தெரியக் கூடாது என்று உம்மா சொன்னதால், முன்கதவுக்கும் ஹோலுக்கும் இடையில் நான்கடி அகலத்தில் ஒரு நடை விட்டோம். குடிவந்த முதல் கிழமையே அந்த நடை சாமான் கிடங்காகிவிட்டது. திறப்புக் கோர்வை, ஹெல்மட், கரண்ட் பில், பிள்ளைகளின் தொப்பி, திருத்தி முடிக்காத பரீட்சைத் தாள் கட்டு எல்லாம் தரையில். சுவரோரமாக ஒடுங்கிய மேசை ஒன்று போட்டே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

கடைகளில் கிடைக்கும் அமுக்கிய பலகை மேசைகளை நம் ஊர் உப்புக்காற்று என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு மழைக்காலம் தாண்டாது, ஊதிப்போய்விடும். அதனால் பழைய மேசையாகப் பார்ப்போம் என்று நினைத்தோம். எங்களில் ஒருவர் வரலாறு படிப்பிக்கிறவர். ஆகவே விலை விசாரிக்கும் முன்பே இந்த மேசையின் வரலாற்றைத் தேடத் தொடங்கினோம்.

சுவரோடு ஒட்டி நிற்கும் இந்த வகை மேசையை ஐரோப்பாவில் ‘கொன்சோல்’ என்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல் முதலில் குறித்தது மேசையை அல்ல, சுவரில் இருந்து நீண்டு எதையாவது தாங்கி நிற்கும் முட்டுக் கட்டையை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், பிரான்ஸ் மாளிகைகளில் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே, பெரிய நிலைக்கண்ணாடியின் கீழே, இப்படியான மேசைகளை வைத்தார்கள். பலவற்றுக்கு முன்னால் மட்டும்தான் கால். பின்பக்கத்தைச் சுவரே தாங்கும். யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் பின்பக்கத்தில் வேலைப்பாடு செய்ய மாட்டார்கள். பிறகு அது மாளிகையில் இருந்து இறங்கி, 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் வீடுகளின் வாசல் மண்டபத்துக்கு வந்தது. வந்து போனவர் தன் பெயர் அட்டையை வைத்துவிட்டுப் போகும் தட்டு இருந்ததும் அந்த வாசல் மேசையில்தான்.

நம் நாட்டுக்குத் தளபாடம் வந்த கதையை அறிய வேறெங்கும் போகத் தேவையில்லை, நம் வாயில் இருக்கும் சொற்களே போதும். கட்டில், பாய், பெட்டகம் எல்லாம் நம்முடைய சொற்கள். மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. மேசையின் லாச்சி ஒல்லாந்தருடையது. லாச்சியைச் செய்பவரைத் தெற்கில் ‘பாஸ்’ என்கிறோமே, அதுவும் ஒல்லாந்தச் சொல்தான். ஒல்லாந்தர் காலியை 1640லும், கொழும்பை 1656லும், யாழ்ப்பாணத்தை 1658லும் பிடித்தார்கள். 1796 வரை கரையோரம் அவர்கள் கையில் இருந்தது. கொழும்பு புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் கால நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருப்பீர்கள். 1692 முதல் 1697 வரை ஆளுநராக இருந்த தோமஸ் வான் றீ வாழ்ந்த வீடு அது. அங்குள்ள மேசை, கதிரை, அலுமாரிகளைப் பார்த்தால் அந்த ஆட்கள் எவ்வளவு பாரமான மரங்களை விரும்பினார்கள் என்று விளங்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய சாமான் கடைகளில் எதைத் தொட்டாலும் ‘ஒல்லாந்தர் காலத்துச் சாமான்’ என்பார்கள். அப்படிச் சொல்லி விற்பவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ நம் நாட்டுத் தச்சர்கள் செய்தவை. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் வைத்துக் கட்டி முடிக்கும் வரை, நீராவிக் கப்பல்கள் பெரும்பாலும் நின்றது காலியில். இறங்கி வரும் பயணிகளுக்குக் காலித் தச்சர்கள் கருங்காலியில் மேசையும் பெட்டியும் செதுக்கினார்கள். அவற்றையும் மாணிக்கக் கற்களையும் கப்பலடிக்கே கொண்டுபோய் விற்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் தேடிய மரம் சிங்களத்தில் ‘கலு மெதிரிய’ என்று சொல்லப்படுவது. மண்ணிறத்தில் கறுப்புக் கோடு ஓடும் மரம், நம் தீவில் மட்டுமே வளர்வது. அளவில்லாமல் வெட்டியதால் 19ஆம் நூற்றாண்டு நடுவிலேயே அது கிடைப்பது அரிதாகிவிட்டது.

இந்த அளவு வாசிப்போடு, போன விடுமுறையில் காலியில் ஒரு கலியாணத்துக்குப் போனோம். உம்மாவும் வந்திருந்தார். திரும்பி வரும் வழியில் காலி வீதியோரத்தில் ஒரு பழைய சாமான் கடையில் வேனை நிறுத்தினோம்.

மேசையை அங்கேதான் கண்டோம்.

பழைய மேசை வாங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், என்னென்ன பார்த்தோம் என்று சொல்கிறோம். முதலில் அளவு. நான்கடி நடையில் மேசை 14 அங்குலத்துக்கு மேல் அகலமாக இருந்தால் ஆள் போக இடம் போதாது. இது சரியாக 14 அங்குலம். பிறகு லாச்சியை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். கைவேலையாக இருந்தால், மூலையில் விசிறி போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும், பற்கள் எல்லாம் ஒரே அளவாக இருக்காது. மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கைவாள் போட்ட கோடுகள் நேராக இருக்கும், வட்ட வாள் போட்டவை வளைந்திருக்கும். மூட்டுகளில் இரும்பு ஆணியா, மரஆணியா என்று பார்க்க வேண்டும். காலின் அடி தேய்ந்திருக்க வேண்டும், நூறு வருடம் நின்ற கால் நேற்று அறுத்தது போலக் கூர்மையாக இருக்காது. கடைசியாக, தட்டிப் பார்த்து, ஓட்டைகளில் இருந்து மாவு கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கொட்டினால் உள்ளே இன்னும் பூச்சி இருக்கிறது.

இந்த மேசை எல்லாவற்றிலும் தேறியது. முதிரை மரம், மரஆணி, ஒரு லாச்சி. விலை எங்கள் கணக்கைவிடச் சற்றுக் கூட. குறைத்துக் கேட்டோம். கடைக்காரர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார்: “இது யாழ்ப்பாணத்துச் சாமான் மிஸ். அதனால்தான் இந்த விலை. இப்போது இப்படிக் கிடைக்காது.”

உம்மா அதுவரை வேனுக்குப் பக்கத்தில் பிள்ளைகளோடு நின்றார். யாழ்ப்பாணம் என்ற சொல் காதில் விழுந்ததும் உள்ளே வந்தார். மேசையின் மேல் கையை வைத்து, லாச்சியை ஒரு தடவை இழுத்து மூடினார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்:

“இது ஆர்ட வீட்டு மேசை?”

எங்களிடம் பதில் இருக்கவில்லை. மரம், மூட்டு, ஆணி, வயது எல்லாம் பார்த்தோம். வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு அந்தக் கேள்வி மட்டும் வரவில்லை.

உம்மா யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்து வளர்ந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, தெருவில் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஆட்களை ஒன்றுகூட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகுமாறு விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். வழியில் மறித்து நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். உடுத்த உடையும் கையில் சில நூறு ரூபாவுமாக அந்தச் சனம் வெளியேறியது. அந்த ஒக்டோபர் மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களில் இருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எங்களில் ஒருவருக்கு அப்போது வயது ஒன்று. உம்மாவின் இடுப்பில் வந்த சாமான் அந்தப் பிள்ளை மட்டும்தான். நம் புத்தளம் மக்கள் அன்று பாடசாலைகளையும் பள்ளிவாசல்களையும் திறந்துவிட்டதையும், பிறகு கிடுகுக் கொட்டில்களில் வருடக் கணக்காக வாழ்ந்ததையும் உங்களில் பலர் எங்களைவிட நன்றாக அறிவீர்கள்.

வேனில் வரும்போதுதான் உம்மா சொன்னார், அவர்கள் வீட்டு வாசலிலும் இப்படி ஒரு மேசை இருந்ததாம். அவருடைய வாப்பா கடையால் வந்தால் தொப்பியையும் கடைத் திறப்பையும் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாராம்.

“அப்ப இது உங்கட மேசையா உம்மா?” என்று மகன் கேட்டான்.

“இல்ல மகன். எங்கடதுக்கு ரெண்டு லாச்சி. இது வேற ஆர்டயோ.”

அந்த “வேற ஆரோ” யார் என்பதுதான் எங்களைத் தூங்கவிடாத கேள்வி. வரலாற்று ஆசிரியர் என்ற வகையில் இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். அந்த மேசை முஸ்லிம் வீட்டு மேசை என்று சொல்ல எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. நம் சனம் போய்ச் சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, 1995இல், இராணுவம் முன்னேறி வர, வலிகாமத்துத் தமிழ் மக்கள் லட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனார்கள். மழை இரவில், கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும். அவர்களும் மேசையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நம் வீடுகள் வெறுமையான அதே நகரத்தில் அவர்களுடைய வீடுகளும் வெறுமையாயின.

கடைக்காரர் சொன்னதன்படி, 2002 போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்த பிறகு வடக்கில் இருந்து வந்த ஒரு லொறியில்தான் அந்த மேசையை அவர் வாங்கியிருக்கிறார். லொறிக்காரர் யாரிடம் வாங்கினார் என்று அவருக்குத் தெரியாது. உரியவரே பணத்தேவைக்கு விற்றிருக்கலாம். வறுமையில் வாசல் கதவைக்கூடக் கழற்றி விற்றவர்கள் உண்டு. அல்லது ஆளில்லாத வீட்டில் இருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். முதிரை வறண்ட வலயத்து மரம் என்பதால் வடக்கு மேசைதான் என்றும் முடிவு கட்ட முடியாது. 1833இல் பேராதனையில் மகாவலிக்கு மேல் ஆங்கிலேயர் கட்டிய பாலமே முதிரை மரத்தால் ஆனதுதான். மரம் எங்கும் போகும். ஆக, மூலாதாரங்களைப் பற்றி வகுப்பில் நாங்கள் படிப்பிக்கும் பாடம் இந்த மேசையிடம் பாதியில் நின்றுவிட்டது.

உலகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய இடங்கள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் பிரான்ஸ், பெல்ஜியம், ஒல்லாந்து நாடுகளில் யூதர்களின் சுமார் 70,000 வீடுகளைக் காலி செய்தார்கள். அவர்கள் எடுத்தது ஓவியம், பொன் மட்டுமல்ல. கட்டில், மேசை, சமையல் பாத்திரம் எல்லாம் ரயிலில் ஏற்றிப் போனது. இன்றைக்கு ஐரோப்பாவின் பெரிய நூதனசாலைகள் ஒரு பொருளை வாங்கும் முன், அந்த வருடங்களில் அது யார் கையில் இருந்தது என்று தேடுகிறார்கள். 1948இல் துரத்தப்பட்ட பலஸ்தீனர்களின் பழைய வீட்டுத் திறப்புகளின் படத்தை நாமும் ஒவ்வொரு வருடமும் பகிர்கிறோம். ஆனால் காலி வீதியோரத்தில் ஒரு யாழ்ப்பாணத்து மேசையைக் கண்டதும் நாங்கள் கேட்டது, “கடைசி விலை என்ன?” என்பதுதான்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்கு முற்பட்ட பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. நல்ல சட்டம். ஆனால் அது பார்ப்பது பொருளின் வயதை. 1990இல் அந்த மேசை யாருடைய வாசலில் நின்றது என்பதை நாம்தான் கேட்க வேண்டும். களவுப் பொருள் என்று தெரிந்தால் வாங்கக் கூடாது என்பது மத்ரஸாவில் ஓதும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாம் செய்வது வேறு. தெரிந்துவிடுமோ என்று கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

அன்றைக்கு மேசையை வாங்காமல்தான் வந்தோம். வாங்காமல் விட்டதே நேர்மை என்று எங்களுக்குள் ஒரு திருப்தி. புத்தளம் வந்து சேரும் வரை அது நீடித்தது. இறங்கும்போது உம்மா சொன்னார்:

“விட்டுட்டு வந்தா என்ன நடக்கும்? நாளைக்கு ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போவார். ஹோட்டலுக்கோ வெளிநாட்டுக்கோ போகும். அதோட கேக்கிறதுக்கும் ஆள் இல்ல. நீங்க படிச்ச ஆக்கள்தானே, தேடிப் பாருங்களன்.”

அடுத்த நாள் கடைக்குத் தொலைபேசி எடுத்தோம். விஷயத்தை மறைக்காமல் சொன்னோம். கடைக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, முற்பணம் அனுப்பினால் இந்த மாத முடிவு வரை யாருக்கும் விற்காமல் வைத்திருக்கிறேன் என்றார். அனுப்பிவிட்டோம். உரியவர் கிடைத்தால் தான் வாங்கிய விலைக்கே கொடுப்பதாகவும் அவராகவே சொன்னார். அல்லாஹ் அவருக்கு நல்வழியும் பரகத்தும் தரட்டும்.

இனி உங்களிடம் கேட்கும் உதவி. மேசையின் அடையாளங்களைக் கீழே எழுதுகிறோம். ஒன்றிரண்டை வேண்டுமென்றே எழுதாமல் வைத்திருக்கிறோம். உண்மையில் வீட்டில் வைத்திருந்தவர்கள் அதைச் சொல்லிவிடுவார்கள்.

முதிரை மரம். நீளம் நான்கரை அடி, அகலம் 14 அங்குலம், உயரம் இரண்டரை அடிக்குச் சற்றுக் கூட. நடுவில் ஒரு லாச்சி, பித்தளை வளையம், திறப்பு ஓட்டையின் தகடு கழன்று போயிருக்கிறது. முன் கால் இரண்டும் கடைந்தவை, பின் கால் இரண்டும் வெறும் சதுரம். வலது பின் காலின் அடியில், சுவரோடு ஒட்டி நிற்பதற்காக ஒரு வெட்டு. மேல் பலகையின் இடது பக்கத்தில் விளக்கு வைத்தது போல இரண்டு வட்டக் கறை. லாச்சியின் உள்ளே நீல மை கொட்டிய அடையாளம். ஏதோ ஒரு பிள்ளை அதில் வைத்துப் படித்திருக்கிறது.

சோனகத்தெருவில் இருந்து வந்த மூத்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். ஃபேஸ்புக் பார்க்க மாட்டார்கள். தயவுசெய்து இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும், கனடா, லண்டன் என்று தூரத்திலும் தமிழ் நண்பர்கள் உள்ளவர்கள் அவர்களுக்கும் அனுப்புங்கள். இது நல்லூர்ப் பக்கத்து ஓர் ஆச்சியின் மேசையாக இருந்தால், அவருடைய பேரப்பிள்ளைக்கு அது போய்ச் சேருவதுதான் எங்களுக்குச் சந்தோசம். அடையாளம் தெரிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.

மாத முடிவுக்குள் யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. வாங்கி, “உரியவர் வந்தால் கொடுக்க வேண்டியது” என்று லாச்சிக்குள் எழுதி ஒட்டி, நடையில் வைத்திருப்போம் என்பது உம்மாவின் யோசனை. அமானிதமாக வைத்திருக்கலாம், அதில் கரண்ட் பில் வைக்கலாமா என்பது எங்களில் ஒருவரின் சந்தேகம். மார்க்கம் தெரிந்தவர்களும், இப்படி ஒரு வாசலைப் பூட்டிவிட்டு வந்தவர்களும் சொல்லுங்கள்.

அதுவரை எங்கள் திறப்புக் கோர்வை தரையிலேயே கிடக்கட்டும்.

வஸ்ஸலாம்.